இயற்பியல் படிக்கலாமா, எப்படிப் படிக்கலாம்? சில கேள்விகளும் பதில்களும்

அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து, பிறகு முனைவர் பட்டம் முடித்தவள் நான். இப்போது இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். கல்லூரிச் சேர்க்கைக் காலம் என்பதால் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பிளஸ் டூ முடித்த மாணவி, அரியலூர்): மேடம், பொறியியல் கலந்தாய்வில் எனக்கு இடம் கிடைத்துவிடும். ஆனால் எனக்குப் பிடித்தது இயற்பியல். "பிடித்தால் மட்டும் போதுமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: போதாது என்றே நானும் சொல்வேன். கருந்துளை பற்றிய காணொளிகளைப் பார்க்கப் பிடிப்பது வேறு, இயற்பியல் படிக்கப் பிடிப்பது வேறு. உங்கள் பாடப் புத்தகத்தில் ஆசிரியர் நடத்தாமல் விட்ட கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு மணி நேரம் ஆகியும் விடை வரவில்லை என்றால் மூடி வைத்துவிட்டு நிம்மதியாக வேறு வேலை பார்க்க முடிகிறதா? அல்லது சாப்பிடும்போதும் அதே நினைவாக இருக்கிறதா? நினைவு விடவில்லை என்றால் தயங்காமல் வாருங்கள்.

வீட்டாரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். பி.எஸ்சி. முடித்தவர்கள் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரத் தமிழ்நாட்டில் வழி இருக்கிறது. அப்துல் கலாம் முதலில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். அதன் பிறகுதான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார். இயற்பியலில் சேர்ந்தால் பொறியியலின் கதவு மூடிவிடாது.

கேள்வி (ஒரு தந்தை, நாமக்கல்): மகன் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) தேர்வு எழுதினான், இடம் கிடைக்கவில்லை. உள்ளூர்க் கல்லூரியில் சேர்த்தால் அவன் எதிர்காலம் அவ்வளவுதானா?

பதில்: இல்லை ஐயா. ஐசர், புவனேஸ்வரத்தின் நைசர் (தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்), பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனம் ஆகியவை நல்ல இடங்கள்தாம். நூலகம், ஆய்வகம், கூடப் படிக்கும் பிள்ளைகள் என்று எல்லாமே அங்கே கூடுதல் பலம். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் முதுகலைக்கு நுழையும்போது மறுபடி ஒரு வாசல் திறக்கிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வை எந்தக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தவரும் எழுதலாம். இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி. படிப்புக்கும் அந்த மதிப்பெண் பயன்படும்.

சி.வி. ராமனுடன் ஒளிச்சிதறல் ஆய்வில் தோளோடு தோள் நின்ற கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். ஊர் சிறியது என்பது தடையில்லை. உள்ளூர்க் கல்லூரியில் உண்மையான ஆபத்து, 'இவ்வளவு போதும்' என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பதுதான். மகனுடன் கணக்குப் போடுவதற்கு இரண்டு நண்பர்கள் அமைந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

கேள்வி (முதலாண்டு மாணவர், திருவண்ணாமலை): அக்கா, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. இப்போது வகுப்பில் பாதி புரியவில்லை. விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: விட்டுவிடாதீர்கள் தம்பி. உங்களுக்குப் புரியாதது இயற்பியலா, ஆங்கிலமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கரும்பலகையில் உள்ள சமன்பாட்டை மட்டும் பார்த்து அடுத்த வரியை எழுத முடிகிறதா? முடிந்தால் இயற்பியல் புரிகிறது, மொழிதான் இடிக்கிறது. அது சில மாதங்களில் சரியாகிவிடும். நாளைக்கு நடத்தப்போகும் பாடத்தின் தமிழ்ப் பகுதியைப் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் முந்தின இரவே படித்துவிட்டுப் போங்கள். முதலாண்டுப் பாடங்களில் பெரும்பகுதி அதன் நீட்சிதான். வகுப்பில் கேட்கும் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே நீங்கள் அறிந்த தமிழ்ச் சொல்லை எழுதி ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகத்தைத் தமிழிலேயே கேளுங்கள். தமிழில் கேட்டதற்காக நல்ல ஆசிரியர் யாரும் முகம் சுளிக்க மாட்டார். சுளிப்பவர் இருந்தால் அடுத்த ஆசிரியரிடம் போங்கள்.

கேள்வி (இரண்டாமாண்டு மாணவி, திருநெல்வேலி): எல்லாச் சமன்பாட்டு வருவிப்புகளையும் மனப்பாடமாக எழுதிவிடுவேன். மதிப்பெண் 80-க்குக் குறையாது. ஆனால் நுழைவுத் தேர்வுக் கணக்கு ஒன்றுகூட வரவில்லை. எங்கே கோளாறு?

பதில்: இந்தக் கேள்விதான் மிக அதிகமாக வந்திருக்கிறது. நம் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நேர்கிற மிகப் பெரிய அநியாயமும் இதுதான் என்பேன். மூன்று ஆண்டுகள் உழைக்கிறார்கள், அந்த உழைப்பு முழுவதும் நினைவாற்றலுக்கே போய்விடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சீராக மின்னூட்டம் பரவிய கோளத்துக்குள் மின்புலம் என்ன என்று கேட்டால் காஸ் விதியைப் பயன்படுத்தி நீங்கள் எழுதிவிடுவீர்கள்: மையத்திலிருந்து உள்ள தொலைவுக்கு நேர்விகிதம். இப்போது அதே கோளத்துக்குள், மையத்திலிருந்து சற்று விலகி, ஒரு சிறு கோள வடிவக் குழியைத் தோண்டிவிடுகிறேன். அந்தக் குழிக்குள் மின்புலம் என்ன? மனப்பாடம் இங்கே நின்றுவிடும். குழி என்பதை 'அங்கே எதிர் மின்னூட்டம் கொண்ட சிறு கோளம் ஒன்றைச் சேர்த்து வைத்தது' என்று பாருங்கள். முழுக் கோளத்தின் புலத்தையும் சிறு கோளத்தின் புலத்தையும் வெக்டர்களாகக் கூட்டுங்கள். இரண்டே வரியில் விடை வரும்: குழிக்குள் எந்த இடத்திலும் ஒரே அளவு, ஒரே திசை. இரு மையங்களுக்கும் இடையே உள்ள தொலைவை மட்டுமே அது பொறுத்தது. குழியின் ஆரம் விடையில் இல்லவே இல்லை. இதை முதன்முதலில் தானாகக் கண்டுபிடிக்கும் மாணவர்களின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் இந்தப் பாடத்தை விரும்பி நடத்துகிறேன்.

ஆகவே ஒவ்வொரு வருவிப்பையும் படித்து முடித்ததும் நோட்டை மூடிவிட்டு, அதில் ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றுங்கள். கோளத்துக்குப் பதில் உருளை வைத்தால்? உராய்வு இருந்தால்? மின்னூட்டம் மையத்தில் அடர்த்தியாகவும் வெளியே நீர்த்தும் இருந்தால்? வந்த விடையின் பரிமாணம் சரியா என்று பாருங்கள். பிறகு எல்லை நிலைகளுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் குழியின் மையமும் கோளத்தின் மையமும் ஒன்றானால் புலம் பூஜ்யமாக வேண்டும். ஆகிறது. இப்படி விடையை நீங்களே விசாரிக்கப் பழகினால் விடைத்தாள் தேவைப்படாது.

நாளுக்கு இரண்டு கணக்கு போதும். ஆனால் தீர்வைப் பார்க்காமல் போட வேண்டும்.

கேள்வி (இரண்டாமாண்டு மாணவர், கரூர்): செய்முறை வகுப்பில் அதே பழைய முறுக்கு ஊசல், அதே பழைய நிறமாலைமானி. விடை ஏற்கெனவே தெரிந்ததுதானே? எல்லோரும் முந்தைய ஆண்டு ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவீடுகளை எழுதுகிறோம். இதில் என்ன கற்றுக்கொள்வது?

பதில்: பார்த்து எழுதினால் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. நீங்களே அளந்தால் அந்த முறுக்கு ஊசல் ஒன்றே ஒரு பருவத்துக்குப் போதும்.

முறுக்கு ஊசலில் தட்டைத் தாங்கி முறுகும் கம்பியின் விறைப்புக் குணகத்துக்கான (முறுக்கலுக்குக் கம்பிப் பொருள் காட்டும் எதிர்ப்பின் அளவு) வாய்பாட்டில் கம்பியின் ஆரம் நான்காம் அடுக்கில் வருகிறது. கம்பியின் விட்டம் 0.60 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திருகு அளவியின் மீச்சிற்றளவு, அதாவது அதில் படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 மில்லிமீட்டர். அந்த ஒரு பிரிவு தவறினாலே விட்டத்தில் ஏறத்தாழ 1.7 சதவீதப் பிழை. நான்காம் அடுக்கு என்பதால் விடையில் அது ஏறத்தாழ 7 சதவீதமாகிவிடுகிறது. கம்பியின் நீளம் 50 சென்டிமீட்டர் என்றால் அதில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் 0.2 சதவீதம்தான். அலைவு நேரத்தை இருபது அலைவுகளுக்குச் சேர்த்து எடுத்தால் அதிலும் பிழை சொற்பம். அப்படியானால் உங்கள் பொறுமையை எங்கே செலவிட வேண்டும்? கம்பியின் விட்டத்தை அளப்பதில். பல இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் செங்குத்தான இரு திசைகளில் அளக்க வேண்டும். ஆனால் ஆய்வகத்தில் நான் பார்ப்பது நேர்மாறாக இருக்கிறது: நிறுத்துகடிகாரத்தோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, விட்டத்தை ஒரே ஓர் இடத்தில் அளந்துவிட்டுப் போகிறார்கள்.

எந்த அளவீடு விடையைத் தீர்மானிக்கிறது என்று முன்கூட்டியே கணக்கிடத் தெரிந்தவர்தான் பின்னாளில் எந்த ஆய்வகத்திலும் தேறுவார். விடை தெரிந்த சோதனையில்தான் இதைப் பழக முடியும். புத்தக மதிப்பிலிருந்து உங்கள் விடை விலகினால் எண்ணை மாற்றாதீர்கள். விலகலுக்குக் காரணம் தேடி, அதையும் ரெக்கார்டில் எழுதுங்கள். மதிப்பெண் ஒன்றிரண்டு குறைந்தாலும் பரவாயில்லை.

கேள்வி (முதலாண்டு மாணவி, புதுச்சேரி): எவ்வளவு கணிதம் தேவை?

பதில்: துணைப்பாடமாக நடத்தும் கணிதத்தைவிட நிச்சயம் அதிகம். முதலாண்டிலேயே வகையீடும் தொகையீடும் கை தானாக எழுதும் அளவுக்குப் பழக வேண்டும். மின்காந்தவியல் தொடங்குவதற்கு முன் வெக்டர் நுண்கணிதம். அலைவுகளுக்கு வகைக்கெழுச் சமன்பாடுகளும் கலப்பெண்களும். குவாண்டம் இயற்பியலுக்கு முன் அணிகளும் அவற்றின் ஐகன் மதிப்புகளும் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கடைசியைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். குவாண்டம் இயற்பியல் கடினம் என்று அழுகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாமல் இருப்பது அணிக் கணிதம்தான். கூடவே பைத்தானில் சிறு நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி (இறுதியாண்டு மாணவர், கும்பகோணம்): ஜாம் தேர்வுக்கு எப்போது தொடங்க வேண்டும்?

பதில்: இரண்டாமாண்டு முடிந்த விடுமுறையில் தொடங்குவது நல்லது. நீங்கள் இறுதியாண்டுக்கு வந்துவிட்டதால் இன்றே தொடங்குங்கள். தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பரில் திறக்கும். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். ஒரு விடை மட்டும் சரியாக உள்ள கேள்விகளில் தவறினால் மதிப்பெண் கழிப்பார்கள். எண்ணாக விடை எழுதும் கேள்விகளில் கழிக்க மாட்டார்கள். பழைய வினாத்தாள்களே போதிய பயிற்சி. அதோடு இயற்பியல் ஆசிரியர் சங்கம் ஜனவரியில் பட்ட மாணவர்களுக்கு நடத்தும் தேசியத் தேர்வையும் எழுதிப் பாருங்கள். நல்ல ஒத்திகை.

கேள்வி (ஒரு தாய், மதுரை): மகள் வானியல் படிக்க வேண்டும் என்கிறாள். அதற்கென்று பட்டப்படிப்பு இருக்கிறதா?

பதில்: இளங்கலையில் இயற்பியலே படிக்கட்டும் அம்மா, வானியலுக்கு அதுதான் அடித்தளம். உங்கள் ஊரிலிருந்து கொடைக்கானல் பக்கம்தானே? அங்குள்ள சூரிய ஆய்வகத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்த இடம் அது. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகமும் இருக்கிறது.

கேள்வி (ஒரு தந்தை, சேலம்): படிப்பெல்லாம் சரி மேடம். வேலை?

பதில்: நியாயமான கேள்வி, நேராகவே சொல்கிறேன். பி.எஸ்சி. இயற்பியல் மட்டும் முடித்தால், அந்தப் பாடத்தையே நம்பிய வேலை குறைவு. போட்டித் தேர்வுகள், வங்கி, மென்பொருள் என்று எந்தப் பட்டதாரிக்கும் உள்ள வழிகள்தாம். எம்.எஸ்சி. முடித்தால் நிலை மாறும். பி.எட். சேர்த்தால் பள்ளி ஆசிரியர் பணி. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால், முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம். இது 2023 ஜனவரி முதல் உள்ள தொகை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு இயற்பியல் முதுகலைப் பட்டதாரிகளை எடுக்கிறார்கள். கல்பாக்கத்திலும் அந்தப் பள்ளி நடக்கிறது.

பலர் அறியாத வழி ஒன்று உண்டு: மருத்துவ இயற்பியல். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு, நோயாளியின் உடலில் எங்கே எவ்வளவு கதிர்வீச்சு சேர வேண்டும் என்று கணக்கிடும் இயற்பியலாளர் கட்டாயம் தேவை. அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கு எம்.எஸ்சி. படிப்பு இருக்கிறது.

கேள்வி (29 வயது, இரு குழந்தைகளின் தாய், ஈரோடு): பி.எஸ்சி. முடித்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. மறுபடி படிக்க முடியுமா?

பதில்: முடியும் சகோதரி. ஜாம் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது. நெட் தேர்வில் உதவித்தொகைக்கு மட்டும் வரம்பு உண்டு. அதிலும் பெண்களுக்குத் தளர்வு இருக்கிறது. முதல் ஆறு மாதம் நுண்கணிதத்தை மட்டும் தூசி தட்டுங்கள். என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. பாலகிருஷ்ணனின் இயற்பியல் விரிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. குழந்தைகள் தூங்கிய பிறகு நாளுக்கு அரை மணி நேரம் கேளுங்கள், கையில் பேனாவோடு.

கேள்வி (முதலாண்டு மாணவர், ராமநாதபுரம்): எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பாதிக் கருவிகள் பழுது. வீட்டில் செய்யக்கூடிய உருப்படியான சோதனை ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: கனமான சிறு பொருள் ஒன்றை நூலில் கட்டி, தொங்கும் புள்ளியிலிருந்து அதன் மையம் வரை சரியாக ஒரு மீட்டர் இருக்குமாறு தொங்கவிடுங்கள். சிறிய வீச்சில் இருபது அலைவுகளுக்கு ஏறத்தாழ 40.1 விநாடி ஆகும். இப்போது 30 பாகை விலக்கி விடுங்கள். அலைவு நேரம் வீச்சைப் பொறுத்ததல்ல என்றுதானே பள்ளியில் படித்தோம்? கணக்குப்படி இங்கே 1.7 சதவீதம் கூட வேண்டும். அதாவது இருபது அலைவுகளுக்கு ஏறத்தாழ 0.7 விநாடி. காற்றுத் தடையால் வீச்சு குறையக் குறைய இந்த வேறுபாடும் சுருங்கும் என்பதால் உங்களுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். எவ்வளவு குறைவு என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைபாக்ஸ் செயலி இலவசம். கைப்பேசியின் உணரிகளையே அளவுகருவியாக்கிவிடும். முதலில் நிறுத்துகடிகாரத்தால் எடுங்கள், பிறகு செயலியால் எடுத்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் ஐந்து முறை அளந்து, வரைபடத்தோடு எனக்கு அனுப்புங்கள். பார்த்து எழுதுகிறேன்.