மூன்றாவது முறை விண்டோஸ் போடுவதற்கு முன்

கேள்வி: பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தேன். விண்டோஸ் 11 எந்தத் தகராறும் இல்லாமல் ஏறியது. ஆனால் டெஸ்க்டாப் வந்து அப்டேட்கள் இறங்கத் தொடங்கியதும் ஹேங் ஆனது, அப்புறம் நீலத்திரை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன். அதே கதை. இப்போது சில சமயம் லோகோவையே தாண்டுவதில்லை. திரையில் வரும் பிழையின் பெயரும் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. ராம் முழு வேகத்தில் ஓடட்டும் என்று எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை ஆன் செய்திருக்கிறேன். பென்டிரைவில் இருக்கும் விண்டோஸ் கெட்டுப்போயிருக்குமா?

பதில்: பென்டிரைவ் மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. உங்கள் கடிதத்தில் துப்பு கொடுக்கும் வரி, பிழையின் பெயர் மாறுகிறது என்பதுதான். ஒரு டிரைவர் (வன்பொருளை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல்) சரியில்லை என்றால் பெரும்பாலும் அதே பிழைதான் திரும்பத் திரும்ப வரும். ராமில் கோளாறு என்றால் அப்படி இல்லை. கெட்டுப்போன இடத்தில் அந்த நேரத்தில் எது உட்கார்ந்திருக்கிறதோ அது அடிபடும். ஒரு தடவை 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வரும், அடுத்த தடவை வேறு ஏதாவது வரும்.

இன்ஸ்டால் மட்டும் எப்படி ஒழுங்காக முடிந்தது என்று கேட்பீர்கள். அந்த வேலை கணினிக்கு அவ்வளவு சிரமமானது அல்ல. பெரும்பகுதி கோப்புகளை விரித்து எஸ்எஸ்டியில் எழுதுவதுதான். கிராஃபிக்ஸ் கார்டும் அப்போது ஒரு அடிப்படை டிரைவரில் சும்மா படம் காட்டிக்கொண்டிருக்கும். டெஸ்க்டாப் வந்த பிறகு, அப்டேட் வழியாக உண்மையான டிரைவர் இறங்கும்போதுதான் கார்டு முழுதாக விழிக்கிறது. பிராசஸர், ராம், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றின் மேலும் பாரம் ஏறுவது அப்போதுதான். ஆகவே இன்ஸ்டால் முடிந்ததை வைத்து வன்பொருள் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

மறுபடியும் விண்டோஸ் போட்டும் பலன் இல்லாததற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பென்டிரைவிலிருந்து எஸ்எஸ்டிக்குப் போகும் ஒவ்வொரு கோப்பும் ராம் வழியாகத்தான் போகிறது. வழியில் ஒரு பிட் புரண்டால் போதும், பழுதான கோப்பு அப்படியே பதிவாகிவிடும். இப்போது லோகோவைத் தாண்டாமல் நிற்பது அப்படிப் பதிவான கோப்பினாலும் இருக்கலாம். ராமைச் சரிசெய்யாமல் எத்தனை முறை போட்டாலும் இன்னொரு பழுதான விண்டோஸ்தான் கிடைக்கும்.

முதலில் எக்ஸ்எம்பியை அணையுங்கள். ஏஎம்டி போர்டு என்றால் எக்ஸ்போ என்றும் பெயர் இருக்கும். கணினி தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் இந்த அமைப்பு இருக்கும் பயாஸ் திரை வரும். டிடிஆர்5 ராம் பெட்டியில் 6000 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தாலும், எக்ஸ்எம்பி இல்லாமல் அது பொதுவாக 4800 அளவில்தான் ஓடும். அந்த 6000 ராம் தயாரித்தவர் தரும் வாக்குறுதி. அதற்கு உங்கள் பிராசஸரில் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும் மதர்போர்டும் ஒத்துழைக்க வேண்டும். மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யும்போது டிடிஆர்5-இல் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். மதர்போர்டு ராமை அளந்து பழகிக்கொள்ளும் நேரம் அது. பயந்து பவரை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருள். இலவசப் பதிப்பே போதும். வேறொரு கணினியில் ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து நான்கு சுற்றும் ஓடவிடுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அது பிழைதான், 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. பிழை வந்தால் ஒரு ராமைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்துச் சோதியுங்கள், பிறகு மாற்றி வையுங்கள். தனித்தனியாகத் தேறி, இரண்டும் சேரும்போது மட்டும் தடுமாறினால் ஸ்லாட்டைப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் போடும்போது, பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் பெரும்பாலான போர்டுகளில் சரியான இடம். அப்படியும் சரியாகவில்லையா? கூலரையும் பிராசஸரையும் கழற்றி, பிராசஸர் சாக்கெட்டில் பின் ஏதும் வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கூலர் ஒரு பக்கம் மட்டும் அதிகமாக முறுக்கப்பட்டிருந்தாலும் ஒரு மெமரி சேனல் தகராறு செய்யும்.

ராம் சுத்தமாகத் தேறிவிட்டால் மற்றவற்றுக்கு வருவோம். பயாஸிலேயே பிராசஸரின் வெப்பம் தெரியும். அங்கேயே 90 டிகிரியைத் தொடுகிறது என்றால் கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்திருக்கலாம், இது எல்லோருக்கும் நடப்பதுதான். பிராசஸர் இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை என்றால் பயாஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். அவற்றில் மின்னழுத்தக் கோளாறு இருப்பதை இன்டெலே ஒப்புக்கொண்டு 2024-இல் மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் வெளியிட்டது, வாரண்டியையும் நீட்டித்தது. அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் சேஃப் மோடில் மணிக்கணக்கில் நன்றாக ஓடி, சாதாரணமாக வந்தால் மட்டும் விழுகிறது என்றால் கிராஃபிக்ஸ் டிரைவரையோ கார்டுக்கு வரும் பவர் கேபிளையோ சந்தேகப்படலாம். வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை, செருகப் பொருந்துகிறதே என்று போட்டுவிடாதீர்கள். உள்ளே கம்பி வரிசை மாறியிருந்தால் பாகம் புகைந்துவிடும்.

விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பாக இருப்பதைப் பார்த்து உடனே எஸ்எம்பிஎஸ் வாங்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது, ஏன் நின்றது என்பதை அல்ல. 'வியா' (WHEA) என்று தொடங்கும் பிழை வந்தால்தான் வன்பொருள் தானே புகார் செய்கிறது என்று அர்த்தம்.

எல்லாம் தேறிய பிறகு, எக்ஸ்எம்பி அணைந்த நிலையிலேயே விண்டோஸை ஒரு முறை போடுங்கள். அப்போது ஒரே ஒரு எஸ்எஸ்டி மட்டும் இணைந்திருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கும் கூட இருந்தால், விண்டோஸ் தன் பூட் கோப்புகளை அதில் கொண்டுபோய் வைத்துவிடுவது உண்டு. பின்னால் அந்த டிஸ்க்கைக் கழற்றியதும் கணினி பூட் ஆகாது. சிப்செட் டிரைவர், பிறகு கிராஃபிக்ஸ் டிரைவர், இரண்டையும் தயாரிப்பாளர் தளத்திலிருந்தே எடுங்கள். சில நாள் தொல்லையில்லாமல் ஓடினால் எக்ஸ்எம்பியை ஆன் செய்து மறுபடியும் மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். அதில் மட்டும் பிழை வந்தால் வேகத்தை ஒரு படி இறக்கி 5600-இல் வையுங்கள், அன்றாட வேலையில் வித்தியாசமே தெரியாது. எக்ஸ்எம்பி இல்லாமலும் பிழை காட்டும் ராம் வாரண்டிக்குப் போக வேண்டியது. ஜோடியாக வாங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள், பெரும்பாலும் ஜோடியாகத்தான் மாற்றித் தருவார்கள்.