தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் யானை, எருமை பாய்ந்து வந்தால் காவலர்கள் நம்புவது எந்தத் துப்பாக்கியை?

பெரும்பாலும் .458 வின்செஸ்டர் மேக்னம், அல்லது .375 எச் அண்ட் எச் தோட்டாவைச் சுடும் துப்பாக்கியை. இரண்டுமே பொதுவாக, ஒவ்வொரு முறையும் ‘போல்ட்’ என்ற கைப்பிடியைப் பின்னிழுத்து முன்தள்ளித் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன். 1956-இல் வந்த .458, 500 கிரெய்ன் (சுமார் 32 கிராம்) குண்டைச் செலுத்தும். யானைக்கு விரியாத கெட்டிக் குண்டுதான் வேண்டும். மண்டையின் தேன்கூடு போன்ற எலும்பைத் துளைத்து மூளையை எட்ட, பட்டதும் விரியும் மென்முனைக் குண்டை நம்பக் கூடாது.

பழைய .458 தோட்டாக்களில் ஒரு கோளாறு இருந்தது. குட்டையான தோட்டாக் கூட்டுக்குள் அமுக்கி அடைத்த வெடிமருந்து நாள்பட்டுக் கட்டிதட்டி, சரியாக எரியாமல் குண்டின் வேகம் குறைந்தது.

ஆனால் நான் அதிகம் அஞ்சுவது கைப்பிழைக்குத்தான். பதற்றத்தில் போல்ட்டை முழுதாகப் பின்னிழுக்காமல் முன்னே தள்ளினால், மேகசினில் (தோட்டாக்களை வைக்கும் பெட்டியில்) தோட்டா இருந்தும், குழலின் பின்முனையில் தோட்டா வெடிக்க வேண்டிய அறைக்குள் புதுத் தோட்டா ஏறாது; விசையை இழுத்தால் வெறும் ‘க்ளிக்’. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே, போல்ட்டை முரட்டுத்தனமாகக் கடைசிவரை இழுத்துப் பழக வேண்டும்.