நாள்பட்ட வலிக்கு மருத்துவக் கஞ்சா எடுப்பவருக்குப் பல ரகங்கள் தேவையா, ஒன்று போதாதா?

கேள்வியின் சாரம் இது: பல ஆண்டுகளாக நரம்பு வலியும் தூக்கக் குறைவும் உள்ள ஒருவருக்கு மருத்துவர் கஞ்சா மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். பட்டியலில் ஏகப்பட்ட ரகங்கள். அவற்றுக்குள் உண்மையிலேயே வேறுபாடு உண்டா, ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதுமா?

வேறுபாடு உண்டு. ஆனால் ரகத்தின் பெயரை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. இண்டிகா வகை என்றால் தூக்கம், சாட்டிவா வகை என்றால் சுறுசுறுப்பு என்று எல்லாரும் சொல்வார்கள். மரபணுச் சோதனை செய்தபோது இந்த இரண்டு முத்திரைகளுக்கும் செடியின் வேதியியலுக்கும் உறுதியான தொடர்பு தெரியவில்லை. ஒரே பெயரில் விற்கும் இரண்டு மாதிரிகள் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாமலும் இருந்திருக்கின்றன. எனவே பெயரை விட்டுவிட்டு, அந்த பேட்சின் (ஒரே தயாரிப்புத் தொகுதியின்) ஆய்வகச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியவை கஞ்சாவின் இரண்டு முக்கிய வேதிப்பொருள்களான டிஎச்சி (போதை தருவது), சிபிடி (போதை தராதது) ஆகியவற்றின் அளவுகள். சூடாக்காத கஞ்சாப் பூவில் டிஎச்சி பெரும்பாலும் அமில வடிவில் இருக்கும். சூடு பட்டால்தான் வேலை செய்யும் வடிவுக்கு மாறும். சான்றிதழில் அமில அளவு தனியாகக் கொடுத்திருந்தால் அதை 0.877 ஆல் பெருக்கி, ஏற்கெனவே மாறியிருக்கும் டிஎச்சி அளவோடு கூட்டுங்கள். அதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மொத்த டிஎச்சி.

இந்த இரண்டு எண்களை வைத்துப் பார்த்தால் கடையில் உள்ள ஏறக்குறைய அத்தனை ரகங்களும் மூன்றே வகைக்குள் அடங்கிவிடும்: டிஎச்சி மிகுந்தவை, இரண்டும் கலந்தவை, சிபிடி மிகுந்தவை. நெதர்லாந்தில் மருந்தகங்கள் வழியாகக் கிடைக்கும் ரகங்கள் இதற்கு நல்ல உதாரணம். பெட்ரோகான் சுமார் 22% டிஎச்சி, சிபிடி 1 சதவீதத்துக்கும் கீழே. பெடியோல் டிஎச்சி 6.3%, சிபிடி 8%. பெட்ரோலைட்டில் டிஎச்சி 1 சதவீதத்துக்கும் கீழே, சிபிடிதான் மிகுதி. ஒவ்வொரு பேட்சும் ஏறக்குறைய ஒரே அளவில் வருவதுதான் இவற்றின் பெரிய பலம். எத்தனை ரகம் இருந்தாலும் பேட்சுக்குப் பேட்ச் அளவு மாறினால் நோயாளிக்குப் பயனில்லை.

இந்த மூன்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஒரு சோதனை 2019இல் வெளியானது. ஃபைப்ரோமயால்ஜியா (உடல் முழுவதும் நாள்பட்ட வலி தரும் நோய்) உள்ள 20 பேர், ஒரே ஒருமுறை ஆவியாக உள்ளிழுத்து, போலி மருந்தோடும் ஒப்பிட்டார்கள். தானாக வரும் வலியின் சராசரியில் எந்த ரகமும் போலி மருந்தைத் தாண்டவில்லை. ஆனால் வலி குறைந்தது 30% இறங்கியவர்களை எண்ணியபோது, கலப்பு ரகத்தில் 20க்கு 18 பேர், போலி மருந்தில் 11 பேர். அழுத்தினால் தாங்கும் வலியின் அளவு, டிஎச்சி உள்ள ரகங்களில் உயர்ந்தது. சிபிடி மட்டும் உள்ளதில் உயரவில்லை. ஒரே செடியின் மூன்று ரகங்கள் மூன்று விதமாக நடந்துகொண்டன என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. சிறிய சோதனை, ஒரே டோஸ் என்பதையும் சேர்த்தே எடைபோடுங்கள்.

சிபிடி கலந்தால் டிஎச்சியின் தலைச்சுற்றலும் பதற்றமும் அடங்கிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி 2022இல் வெளியிட்ட சோதனையில், 10 மில்லிகிராம் டிஎச்சியோடு மும்மடங்கு வரை சிபிடி கலந்து உள்ளிழுக்கக் கொடுத்தும் அப்படிப்பட்ட பாதுகாப்பு தெரியவில்லை. கலப்பு ரகம் பலருக்கு இதமாக இருப்பதற்கு முக்கியக் காரணம், ஒரு இழுப்பில் போகும் டிஎச்சியே குறைவு என்பதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மணம் தரும் டெர்பீன்களைப் பற்றியும் கேட்கிறார்கள். மிளகிலும் கிராம்பிலும் உள்ள காரியோஃபிலீன், கஞ்சாவிலும் உண்டு. அது சிபி2 ஏற்பியில் (உடலில் கஞ்சாப் பொருள்கள் போய் ஒட்டும் இடங்களில் ஒன்று) ஒட்டுவது ஆய்வகத்தில் நிரூபணமானது. மனிதர்களிடம் வலிக்கு எவ்வளவு உதவும் என்பதற்கான சான்று மெலிது. இரண்டு ரகங்களின் டிஎச்சி–சிபிடி விகிதம் ஒன்றாக இருந்து, ஒன்று மட்டும் உங்களுக்கு ஒத்துக்கொண்டால், அதன் டெர்பீன் பட்டியலைக் குறித்து வையுங்கள். அதற்கு மேல் முக்கியத்துவம் தர வேண்டாம்.

அப்படியானால் பல ரகங்களால் நடைமுறையில் என்ன பயன்? பகலில் வேலை செய்ய வேண்டியவருக்கு டிஎச்சி குறைந்ததும் இரவில் வலியால் விழித்துக்கொள்பவருக்கு டிஎச்சி கூடியதும் பொருந்தும். பதற்றம் எளிதில் வருபவர் டிஎச்சி மிகுந்த ரகத்தைத் தாங்கமாட்டார். தசை விறைப்பு உள்ள மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் நோய்) நோயாளிகளுக்கு நன்கு சோதிக்கப்பட்டது இரண்டும் ஏறத்தாழச் சமமாக உள்ள வாய்த்தெளிப்பு: ஒரு தெளிப்பில் 2.7 மில்லிகிராம் டிஎச்சி, 2.5 மில்லிகிராம் சிபிடி. டிராவே நோய் போன்ற கடும் வலிப்புக்கு அங்கீகாரம் பெற்றதோ தூய சிபிடி மருந்து. ஒரே ரகத்தை வைத்து இவர்கள் எல்லாருக்கும் வைத்தியம் பார்க்க முடியாது.

தொடங்கும் முறை. நாள்பட்ட வலிக்குப் பூவைவிட கஞ்சா எண்ணெய் நல்லது, ஏனென்றால் அளந்து எடுக்கலாம். 2021இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்த வழக்கமான முறை இது: சிபிடி 5 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இரண்டு வேளை, 2–3 நாளுக்கு ஒருமுறை மொத்தத்தில் 10 மில்லிகிராம் கூட்டி 40 வரை. அதிலும் வலி அடங்காவிட்டால் 2.5 மில்லிகிராம் டிஎச்சி சேர்த்து, 2 முதல் 7 நாளுக்கு ஒருமுறை 2.5 கூட்டலாம். டிஎச்சிக்கு உச்சவரம்பு நாளைக்கு 40 மில்லிகிராம். முதியவர்களும் உடல் நலிந்தவர்களும் டிஎச்சியை 1 மில்லிகிராமில் தொடங்க வேண்டும். எண்ணெய் மில்லிக்கு 25 மில்லிகிராம் என்றால் 2.5 மில்லிகிராமுக்கு 0.1 மில்லி. இதைச் சொட்டு எண்ணி எடுக்காதீர்கள். சொட்டின் அளவு ஒவ்வொரு புட்டிக்கும் மாறும். ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். வாய்வழி எடுத்தது வேலை செய்ய ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லையே" என்று இன்னொரு டோஸ் எடுத்தால், இரண்டும் சேர்ந்து தாக்கும். நெஞ்சு படபடக்கும், எழுந்தால் கண் இருட்டும், பயம் பிடிக்கும். கல்லீரல் டிஎச்சியை இன்னும் வலுவான 11-ஹைட்ராக்சி டிஎச்சியாக மாற்றுவதும், விளைவு 6–8 மணி நேரம் நீடிப்பதும் இதைக் கடுமையாக்கும். அன்றைக்கு எடுத்தது போதவில்லை என்றால் அன்றே கூட்டாமல், மேலே சொன்ன இடைவெளிப்படிதான் கூட்ட வேண்டும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் உடலில் சேரும் அளவு நன்றாகக் கூடும் என்பதால், சாப்பிட்டு எடுப்பதா வெறும் வயிற்றிலா என்பதை முதலிலேயே முடிவு செய்து மாற்றாமல் இருங்கள்.

திடீர் வலிக்கு வேப்பரைசரில் (எரிக்காமல் சூடாக்கி ஆவியாக்கும் கருவி) பூ பயன்படுத்துபவர் எடை போடாமல் எடுக்கவே கூடாது. 22% பூவில் 0.05 கிராம் என்றால் 11 மில்லிகிராம் டிஎச்சி. உள்ளிழுத்ததில் ரத்தத்தில் சேர்வது ஏறக்குறைய 10 முதல் 35% வரை. 180–210 டிகிரி சூடு போதும். ஒரு இழுப்பு, பிறகு 15 நிமிடம் காத்திருப்பு. புகைப்பது வேண்டாம்.

ரகம் மாற்றும்போதுதான் பழைய பழக்கம் ஆபத்தாகிறது. உங்கள் ரகம் இருப்பில் இல்லாமல் 14% பூவுக்குப் பதில் 22% கிடைத்தால், அதே எடையில் ஒன்றரை மடங்குக்கு மேல் டிஎச்சி போகிறது. மாற்று தேடும்போது முதலில் விகிதத்தைப் பொருத்துங்கள், பிறகு மில்லிகிராமைக் கணக்கிடுங்கள், டெர்பீனைக் கடைசியில் பாருங்கள். முதல் டோஸைப் பாதியாக்கி இரவில் எடுத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் ரகத்தையும் அளவையும் மாற்றினால் எது உதவியது என்று யாராலும் சொல்ல முடியாது.

பலன் மங்கும்போது ரகத்தை மாற்றினால் சரியாகும் என்பதை நம்பாதீர்கள். எந்தப் பூவிலிருந்து வந்தாலும் டிஎச்சி போய் ஒட்டுவது அதே சிபி1 ஏற்பியில்தான். தினமும் நிறையப் பயன்படுத்தியவர்களிடம் அந்த ஏற்பிகள் குறைந்து, சுமார் 4 வாரம் நிறுத்தியபின் மீண்டது ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. எனவே மருத்துவரிடம் பேசி அளவைப் படிப்படியாகக் குறைப்பதுதான் வழி. சட்டென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். அடிக்கடி வாந்தி வந்து, வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்குகிறது என்றால் அது கஞ்சாவால் வரும் வாந்தி நோயாக இருக்கலாம். அப்போது முழுவதும் நிறுத்த வேண்டும்.

மனச்சிதைவு இருந்தவர்களும், நெருங்கிய ரத்த உறவில் அது உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டுபவர்களும், கட்டுப்படாத இதய நோய் உள்ளவர்களும் டிஎச்சி உள்ள எந்த ரகத்தையும் தொடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவீடு) ஏறலாம். வலிப்புக்குக் குளோபசாம் எடுப்பவருக்கு சிபிடியால் மயக்கம் கூடும். இன்னொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டோடு சிபிடி சேர்ந்தால் கல்லீரல் நொதிகளைச் சோதிக்க வேண்டும். எண்ணெய் எடுத்த பின் குறைந்தது 8 மணி நேரம் வண்டி ஓட்டாதீர்கள். இவை எல்லாமே சட்டப்படி, மருத்துவர் கண்காணிப்பில், அளவு தெரிந்த மருந்து கிடைக்கும் நாட்டுக்குத்தான். அளவு தெரியாத சரக்குக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

கடைசியாக ஒரு நோட்டு. தேதி, ரகம், பேட்ச் எண், மில்லிகிராம், நேரம், எடுக்கும் முன் வலி, இரண்டு மணி நேரம் கழித்து வலி (0 முதல் 10 வரை), தூங்கிய மணி நேரம், பக்க விளைவு. மூன்று மாதம் ஒழுங்காக எழுதிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வலி 30% கூடக் குறையாமல், தூக்கமும் நடமாட்டமும் முன்னேறாமல் இருந்தால், இன்னொரு ரகம் தேடாமல் இந்த மருந்தையே நிறுத்துவது பற்றிப் பேசுங்கள்.