கேள்வி பதில்: பஞ்சுவின் பல் மறுபடியும் வளர்ந்துவிட்டது

(பதில் சொல்பவர்: காங்கயம் பக்கம் பணியாற்றி ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்)

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம்ங்க. எட்டாவது படிக்கும் என் மகள் ஒரு வெள்ளை முயல் வளர்க்கிறாள். பேர் பஞ்சு, இரண்டரை வயசு. ஏழாவது மாசத்திலிருந்தே முன்பல் வாய்க்கு வெளியே வளைந்து வளைந்து வருகிறது. ஐந்து வாரத்துக்கு ஒருமுறை செல்லப்பிராணிக் கடைக்காரர் நகவெட்டியால் வெட்டிவிடுகிறார். காய்ந்த ரொட்டி, மரக்கட்டை எல்லாம் கடிக்கக் கொடுத்துப் பார்த்தோம், தேயவில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். இதற்கு முடிவே இல்லையாங்க?
(வாசகி, பெருந்துறை)

பதில்: முதலில் அந்த நகவெட்டியை நிறுத்துங்கள் அம்மிணி. கடைக்காரரை மட்டும் குறை சொல்லமாட்டேன். வேலையில் சேர்ந்த புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். நான் படித்த காலத்தில் மாடு, எருமை, ஆடு, கோழிக்கே நேரம் சரியாக இருந்தது. முயல் கடைசி அத்தியாயம். ஒரு வாத்தியார் வீட்டு முயலுக்கு இப்படி ‘டக்’கென்று வெட்டினேன். பல் நீளவாக்கில் வேர் வரைக்கும் விண்டுவிட்டது, எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வாரம் தாடை வீங்கிச் சீழோடு கொண்டுவந்தார்கள். அந்த வாத்தியார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நம் ஊரில் பல்லைப் பிடித்துப் பார்த்து ‘ரெண்டு பல், நாலு பல்’ என்று மாட்டுக்கு வயசு சொல்வார்கள். முயலிடம் அந்தக் கணக்கு நடக்காது. அதன் 28 பல்லும் சாகும்வரை வளரும். முன்பல் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் போகும். ஐந்து வாரம் விட்டால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உரசித்தான் முன்பல் தேயவேண்டும். பஞ்சுவுக்கு ஒரு வயசுக்குள்ளேயே ஆரம்பித்திருப்பதால், பிறப்பிலேயே தாடை சற்று முன்பின்னாக அமைந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் சந்திக்காதபோது கட்டையைக் கொடுத்தாலும் தேயாது. ரொட்டியில் வயிறுதான் கெடும்.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் போய், பல் மருத்துவர் வைத்திருப்பது மாதிரி சுழலும் கருவியால் அராவிக்கொள்வது. பழகிய கை என்றால் சில நிமிஷ வேலை. முன்பல்லுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. அடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள், பல் வெளியே தெரிந்த பிறகு ஓடவேண்டாம்.

இன்னொன்று, முன்பல் ஆறையும் எடுத்துவிடுவது. ஆமாம், ஆறுதான். மேலே இரண்டுக்குப் பின்னால் குச்சி மாதிரி இன்னொரு ஜோடி ஒளிந்திருக்கும். ‘பல் இல்லாமல் எப்படித் தின்னும்?’ என்று மகள் அழுவாள். முயல் உதட்டால் பற்றி உள்ளே இழுத்துக் கடைவாய்ப்பல்லால் அரைத்துக்கொள்ளும், நறுக்கிப் போட்டால் போதும். வேரடியில் துணுக்கு தங்கினால் ஒரு பல் திரும்ப முளைக்கலாம், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் முதலில் மண்டையை எக்ஸ்ரே எடுத்துக் கடைவாய்ப்பல்லும் வேரும் நன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பஞ்சுவின் வயசுக்கு நானாக இருந்தால் இந்த இரண்டாவது வழியைத்தான் யோசிப்பேன்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கோவையிலோ விசாரியுங்கள். போகுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ராத்திரி பட்டினி போட்டுக் கூட்டிவரணுங்களா?’ ‘ஆமாம்’ என்றால் வேறு இடம் பாருங்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்துவிடக் கூடாது என்றுதான் மற்ற பிராணிகளுக்குப் பட்டினி போடுவது; முயலுக்கு வாந்தி வராது. அதனால் பட்டினி தேவையில்லை, குடல் நின்றுபோகும் ஆபத்துதான் மிச்சம்.

அப்புறம் தீனி. கடைவாய்ப்பல் தேய்வது புல்லை இடதும் வலதுமாக அரைக்கும்போதுதான். காரட்டும் குருணைத் தீவனமும் அந்த வேலையைச் செய்யாது. உங்களுக்குப் பக்கத்திலேயே, காங்கயம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தளதளவென்று வரும். கதிர் வருவதற்கு முன்பே அறுத்துவிடுங்கள், முற்றினால் அதன் முள் வாயில் குத்தும். நிழலில் காயப்போட்டு, பச்சை நிறம் மாறாமல், தண்டு ஒடிக்கும்போது ‘சடக்’கென்று வந்தால் பதம். பூஞ்சை வாடை அடித்தால் எறிந்துவிடுங்கள். பஞ்சுவால் நீளப் புல்லைக் கடித்து அறுக்க முடியாது. இரண்டு அங்குலமாக நறுக்கி, தினமும் அதன் உடம்பு அளவுக்கு ஒரு குவியல் வையுங்கள். குதிரைமசால் வேண்டாம், வளர்ந்த முயலுக்கு அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம்.

ஞாயிறுதோறும் சமையல் தராசில் நிறுத்து எழுதிவைக்கும் வேலையை மகளுக்குக் கொடுங்கள். எடை இறங்கினாலும், தாடைக்குக் கீழே ஈரமாக இருந்தாலும், கண்ணில் நீர் வடிந்தாலும், புழுக்கை சிறுத்தாலும் தேதி வரும்வரை காத்திருக்கவேண்டாம். 12 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். ‘காலையில் பார்க்கலாம்’ என்று விட்டு இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: இன்னொருவருக்குக் கொடுத்தாலும் அந்தப் பல் வளரத்தான் போகிறது. வாங்கிப் போகிறவருக்கு ஐந்து வாரக் கணக்கு தெரியுமா?

கேள்வி: தடவிக்கொடுத்தால் என் முயல் பல்லை நறநறக்கிறது. வலிக்கிறதா?
(ஏழாம் வகுப்பு மாணவன், தாராபுரம்)

பதில்: கண் பாதி மூடி, உடம்பைத் தளர்த்திப் படுத்துக்கொண்டு மெல்ல உரசினால் சொகுசுதான் தம்பி, இன்னும் கொஞ்சம் தடவு. ஓரமாகக் கூனிக்குறுகி உட்கார்ந்து, தள்ளி நிற்கும் உனக்கே கேட்கிற மாதிரி ‘கறக் கறக்’ என்று அரைத்தால் வலி. அப்பாவிடம் உடனே சொல்.

கேள்வி: முயலின் தாடையில் கோலிக்குண்டு மாதிரி கெட்டியாக ஒரு வீக்கம். வீட்டில் மீதமிருக்கும் அமாக்சிசிலின் ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாமா?
(வாசகர், கோபி)

பதில்: வேண்டவே வேண்டாம். அதை வாய்வழியே கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் செத்து, முயலும் சாகலாம். வீக்கம் பெரும்பாலும் பல் வேரில் கட்டிய சீழாக இருக்கும். முயலின் சீழ் பற்பசை போலக் கெட்டி, கீறிவிட்டால் வடியாது. அறுவை செய்து பையோடு எடுக்கவேண்டும். இந்த வாரமே காட்டுங்கள்.