கணக்கில் இருந்த காசு எங்கே? – கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி, "பேங்க்காரன் காசைத் திருடிட்டான்" என்றுதான் தொடங்குகின்றன. திருடவில்லை, பிடித்திருக்கிறார்கள். என்ன பேரில் பிடித்தார்கள் என்று ஸ்டேட்மென்டில் ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

மினிமம் பேலன்ஸ் 10,000. மாதக் கடைசி மூன்று நாள் சரியாக 10,000 வைத்திருந்தேன். ஆனாலும் அபராதம். (தேனி)

பேச்சுக்குத்தான் மினிமம். பெரும்பாலான பேங்க் பார்ப்பது மாதச் சராசரி. தினமும் ராத்திரி கணக்கு முடிகிறபோது இருக்கிற தொகையைக் கூட்டி நாட்களால் வகுப்பார்கள். மற்ற நாளெல்லாம் காலி என்றால் உங்களுடையது மூன்று பத்தாயிரம், 30,000. முப்பதால் வகுத்தால் வெறும் ஆயிரம். இதுவே சீட்டுப் பணம் மூன்று லட்சம் ஒரே ஒரு ராத்திரி கணக்கில் தூங்கியிருந்தால் அந்த மாதம் தப்பித்திருப்பீர்கள்.

இ.எம்.ஐ. 5ஆம் தேதி. சம்பளமும் அன்று மதியமே வந்துவிட்டது. பவுன்ஸ் என்கிறார்கள். (ஓசூர்)

இ.எம்.ஐ. பெரும்பாலும் காலையிலேயே வந்து கதவைத் தட்டிவிட்டுப் போய்விடும், உங்கள் மதியத்துக்காகக் காத்திருக்காது. முதல் நாள் ராத்திரியே பணம் இருக்கட்டும். ஞாயிறு, பண்டிகை என்றும் நம்ப வேண்டாம், 2021 ஆகஸ்ட் முதல் எல்லா நாளும் பிடிக்கிறார்கள். பவுன்ஸ் ஆனால் உங்கள் பேங்க் ஒரு முந்நூறு முதல் அறுநூறு வரை எடுக்கும், கடன் கொடுத்தவர் தன் பங்குக்குத் தனியாக எடுப்பார். தேதியை 10க்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் போயிருக்கிறது. (விருதுநகர்)

பிரதமர் பேர் வைத்த அரசுத் திட்டங்கள், ஆயுள் காப்பீடும் விபத்துக் காப்பீடும். கவுன்டரில் நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நல்ல திட்டங்கள்தான், இருக்கட்டும்.

பழைய கம்பெனியின் சம்பளக் கணக்கு. வேலையை விட்டு மூன்று வருஷம் ஆச்சு, தொடவே இல்லை. இப்போது மைனஸ் 3,400. கட்டினால்தான் மூடுவார்களாம். (கோவை)

இதைப் படித்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். சில மாதம் சம்பளம் வராவிட்டால் அந்தக் கணக்கு ஓசைப்படாமல் சாதாரண சேமிப்புக் கணக்காகிவிடும், அபராத மீட்டரும் ஓட ஆரம்பிக்கும். அதைக் கவனிக்காமல் விட்டது உங்கள் தப்பு. ஆனால் மைனஸ் உங்கள் தப்பில்லை. ரிசர்வ் வங்கி 2014 நவம்பரிலேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது, 2015 ஏப்ரலில் நடைமுறைக்கும் வந்தாச்சு: மினிமம் பேலன்ஸ் இல்லை என்று போடும் அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. அதற்கும் முன்னால் எஸ்.எம்.எஸ்., மெயில், கடிதம் ஏதாவது ஒன்றில் தெரிவித்து ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். போதாததற்கு, இரண்டு வருஷம் தொடாத கணக்கு செயலற்ற கணக்கு. அதில் இந்த அபராதமே 2024 ஏப்ரல் முதல் கூடாது.

என் தங்கை மகனுக்கும் இதே கதை நடந்தது. "சிஸ்டம் அப்படித்தான் சார் காட்டுது" என்றார் கவுன்டரில் இருந்த தம்பி. சரி தம்பி, இந்த மைனஸ் எந்த விதிப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றேன். உள்ளே போனார், மேனேஜரோடு வந்தார். நாலு நாளில் மைனஸ் காணாமல் போய்விட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது, ஸ்டேட்மென்ட் வாங்கி அபராத வரிகளை மட்டும் தனியாகக் கூட்டுங்கள். கார்டு கட்டணம், பவுன்ஸ் கட்டணமெல்லாம் வேறு ரகம், அவற்றை இதில் கலக்காதீர்கள். மெயிலில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் பேங்க் புகார்களைத் தீர்த்து வைக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், செலவில்லை. உதவிக்கு 14448. வாயால் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வராதீர்கள், எழுத்தில் கொடுங்கள்.

செக் பாஸாக இரண்டு நாள் ஆகும், அதற்குள் பணம் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அன்றே திரும்பிவிட்டது. (ஈரோடு)

அதெல்லாம் அந்தக் காலம். 2025 அக்டோபர் முதல் காலையில் போட்ட செக் அன்றே பாஸாகிறது, அல்லது திரும்புகிறது. கணக்கில் இல்லாத பணத்துக்குச் செக் எழுதாதீர்கள். எதிராளியிடமிருந்து, செக் திரும்பியதற்கு வழக்குப் போடும் 138ஆவது பிரிவில் நோட்டீஸ் வந்தால், கையில் கிடைத்த 15 நாளுக்குள் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புகிற புத்திசாலித்தனம் வேண்டாம்.

42,000 காட்டுகிறது, 30,000 எடுக்கப் போனால் பணம் இல்லை என்கிறது. (மதுரை)

ஐ.பி.ஓ.வுக்கு, அதாவது கம்பெனி புதிதாக வெளியிடும் பங்குக்கு விண்ணப்பித்தீர்களா? அதற்காக ஒரு பதினைந்தாயிரம் கணக்கிலேயே பிடித்து வைக்கப்பட்டிருக்கும். 'அவைலபிள்' என்று இருக்கிற வரியைப் பாருங்கள். சும்மா சும்மா ஏ.டி.எம்.மில் முயன்று பார்க்காதீர்கள், பல பேங்குகள் அதற்கும் இருபது ரூபாய் சொச்சம் பிடிக்கின்றன.

என் கணக்கில் 236 ரூபாய் குறைகிறது. ஏன்? (ஊர் போடவில்லை)

பேங்க் பேர் இல்லை, தேதி இல்லை, ஸ்டேட்மென்ட் வரியும் இல்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? 236 என்றால் 200ம் ஜி.எஸ்.டி. 36ம். டெபிட் கார்டின் வருஷக் கட்டணமாக இருக்கலாம், கார்டு வாங்கிய மாதமா என்று பாருங்கள்.