பசிக்காத பகல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். எனக்கு வயது 43. பள்ளி ஆசிரியை. 16 மாதங்களுக்கு முன்பு எடை குறைப்புக்காக, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 112 கிலோவிலிருந்து ஒரு வருடத்தில் 76 வரை இறங்கினேன். இப்போது 80.

பகலில் ஒரு தொல்லையும் இல்லை. பசியே எடுப்பதில்லை. காலையில் காபி, 11 மணிக்கு இரண்டு மேரி பிஸ்கட், மதியம் நாலு ஸ்பூன் தயிர்சாதம், சாயங்காலம் டீ, ராத்திரி 8 மணிக்கு ஒரு இட்லி, சாம்பார். அவ்வளவுதான். கேட்டால் டாக்டரே ஆச்சரியப்படுவார். 10 மணிக்கு எல்லாரும் படுத்த பிறகு, விடைத்தாள் திருத்த உட்காரும்போதுதான் ஆரம்பிக்கிறது. முறுக்கு, மிக்சர், பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த ஐஸ்கிரீம் என்று 1 மணி வரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வாரத்தில் மூன்று நாளாவது 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எதையாவது வாயில் போட்டால்தான் மறுபடி தூக்கம். கணவர் இப்போது சமையலறையைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். நான் மிக்சர் பாக்கெட்டைக் கைப்பையில் ஒளித்து வைக்கிறேன். எழுதவே கூசுகிறது.

ஆபரேஷனுக்கு முன்பும் இந்தப் பழக்கம் இருந்தது. சொன்னால் ஆபரேஷன் செய்யமாட்டாரோ என்று பயந்து டாக்டரிடம் சொல்லவில்லை. வயிறு மறுபடி விரிந்துவிட்டதா? இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படுமா? வெந்தயத் தண்ணீர் குடித்தால் பசி அடங்குமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

கூசிக்கொண்டு எழுதிய வரிகளை விடுங்கள். நீங்கள் பெருமையாக எழுதிய வரிதான் என்னை இந்தப் பதிலுக்கு உட்கார வைத்தது. ‘பகலில் பசியே எடுப்பதில்லை, டாக்டரே ஆச்சரியப்படுவார்.’ இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஏறக்குறைய இதே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கொஞ்ச நாளாகவே இது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெந்தயத் தண்ணீரை மறந்துவிடுங்கள். வயிறு விரிந்ததா என்பதை எண்டோஸ்கோப்பியோ பேரியம் எக்ஸ்ரேயோ பார்த்துச் சொல்வார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இரைப்பை ஒரு குறுகிய குழாயாகத்தான் மிஞ்சுகிறது. காலப்போக்கில் அந்தக் குழாய் கொஞ்சம் இளகுவது சாதாரணமாக நடப்பதுதான். இரண்டாவது ஆபரேஷன் பேச்சை இப்போது எடுக்கவே எடுக்காதீர்கள். குழாயை இன்னொரு முறை குறுக்கினாலும் அதே மிக்சர் அதே வழியாகத்தான் போகும்.

இனி உங்கள் பகலைப் பார்ப்போம். காபியில் இருக்கும் பாலுக்கு 3 கிராம் புரதம். பிஸ்கட் இரண்டுக்கும் சேர்த்து 1. தயிர்சாதத்துக்கு 2 அல்லது 3. டீக்கு 2. இட்லிக்கு 2, மேலே ஊற்றிய சாம்பாருக்கு இன்னொரு 2. தாராளமாகப் போட்டாலும் 13 கிராம். ஸ்லீவ் செய்தவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். ஐந்தில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிட்டு எட்டு வகுப்பு நின்றுகொண்டே பாடம் நடத்துகிறீர்கள். இதைக் கேட்டால் டாக்டர் ஆச்சரியப்படமாட்டார், பதறிப்போவார். முடி கொட்டுகிறதா, படி ஏறினால் தொடை நடுங்குகிறதா என்று கேட்பார்.

பசி ஏன் எடுப்பதில்லை? ஸ்லீவில் இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது 100, 150 மில்லி பிடிக்கும் வாழைப்பழ வடிவக் குழாய். வெட்டிப் போட்டதில் இரைப்பையின் மேல் வளைவும் சேர்ந்து போகிறது. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அங்கேதான் சுரக்கிறது. மணி அடிக்கும் ஆளை வேலையை விட்டு அனுப்பிவிட்டோம். மணி அடிக்கவில்லை என்பதால் பள்ளிக்கூடம் விட்டுவிட்டது என்று அர்த்தமா? உடம்புக்கு வேண்டியது வேண்டியபடியேதான் இருக்கிறது, கேட்கும் குரல்தான் போய்விட்டது. அந்தக் குரல் இருந்த இடத்தில் கடிகாரத்தை வைக்க வேண்டும். நீங்களோ எதையுமே வைக்காமல், அந்தக் காலி இடத்தைச் சாதனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1955ல் ஆல்பர்ட் ஸ்டங்கர்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இரவு உண்ணும் நோயை முதன்முதலாக விவரித்தபோது மூன்று அடையாளங்களைச் சொன்னார். காலையில் சாப்பாட்டில் நாட்டமின்மை, மாலைக்கு மேல் அடங்காத உண்ணல், தூக்கம் கெடுதல். நீங்கள் வெற்றி என்று எழுதியிருப்பது அந்த வரிசையில் முதலாவது. இப்போதைய வரையறைப்படி, அன்றைய சாப்பாட்டில் கால்பங்குக்கு மேல் இரவு உணவுக்குப் பிறகு போனாலோ, வாரத்தில் இரண்டு தடவையாவது நடுராத்திரியில் எழுந்து சாப்பிட்டாலோ, அதை இந்த நோயாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டுமே இருக்கிறது. இதற்குப் பெயர் உண்டு, சிகிச்சை உண்டு, படிப்படியாகப் பேசிச் சரிசெய்யும் முறை உண்டு. சிலருக்கு மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார். ஆபரேஷனுக்கு முன்பே நீங்கள் சொல்லியிருந்தால் பெரும்பாலும் ரத்து செய்திருக்கமாட்டார்கள். மனநல ஆலோசகரிடம் அனுப்பி, இதற்கும் வழி பார்த்துவிட்டுச் செய்திருப்பார்கள். அன்று மறைத்ததற்குப் பயம் காரணம். இன்று கைப்பையில் மறைப்பதற்கு என்ன காரணம்? அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தக் கைப்பையோடேயே போய் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

சரி, பகலில் ஏன் தயிர்சாதம்? நீங்கள் எழுதவில்லை. ஆனால் காரணம் தெரிந்ததுதான். ஸ்லீவ் செய்தவர் முட்டையோ பனீரோ சுண்டலோ சாப்பிட்டால் ஒவ்வொரு வாயையும் 20, 25 தடவை மென்று, அரைக் கிண்ணத்தை முடிக்க 25 நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் நெஞ்சுக்கு நடுவில் கல் மாதிரி நிற்கும், வாயில் நீர் ஊறும், வாந்தி வரும். மதிய இடைவேளையில் பிள்ளைகளின் வரிசையைப் பார்த்து, நோட்டு அடுக்கி முடித்தால் மிஞ்சுவது 8 நிமிடம். 8 நிமிடத்தில் தொல்லையில்லாமல் இறங்குவது குழைந்த தயிர்சாதம்தான். காலையிலும் இதே கதை. டிபன் பாக்ஸ் நாலு கட்டிவிட்டு நின்றபடி ஒரு காபி. இந்த ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் பணம் புரட்டிய குடும்பம், ஒரு வேளைக்கு 25 நிமிடம் உங்களை உட்காரவிடவில்லை. பூட்டு வாங்கத் தெரிந்த உங்கள் கணவருக்குக் காலையில் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டத் தெரியாதா? அதை அவரிடம் கேளுங்கள். கேட்கத் தயங்கினால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

அடைத்து நிற்கிற சாப்பாடு, வழுக்கிக்கொண்டு போகிற சாப்பாடு என்று இரண்டு உண்டு. முறுக்கும் மிக்சரும் கடிக்கும்போது கெட்டியாகத் தெரிந்தாலும் எச்சிலில் மாவாகக் கரைந்துவிடும். ஐஸ்கிரீம் வாயிலேயே தண்ணீர். அந்தக் குறுகிய குழாய் இவற்றை நிறுத்துவதே இல்லை, சீக்கிரமே இடம் காலி. அதனால்தான் மூன்று மணி நேரம் தின்றும் வயிறு நிறைவதில்லை. வயிறு விரிந்துவிட்டதோ என்ற உங்கள் சந்தேகம் வருவதும் இதனால்தான். நூறு கிராம் மிக்சரில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. இரண்டு அவித்த முட்டையில் 150தான், ஆனால் அதற்கு மேல் ஒரு வாய் வைக்க உங்களால் முடியாது. ஆபரேஷன் உங்களுக்குக் கொடுத்த பிடிமானம் கெட்டியான சாப்பாட்டில் மட்டும்தான் வேலை செய்யும். அதைப் பகல் முழுக்கத் தொடாமலே இருக்கிறீர்கள்.

இதோடு நம் உடம்பின் சொந்தக் கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. 2013ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 12 பேரை மங்கலான வெளிச்சத்தில், நேரம் தெரியாதபடி 13 நாள் வைத்திருந்து பார்த்தார்கள். எப்போது சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள் என்பதையெல்லாம் கழித்துப் பார்த்தபோதும் பசி காலை 8 மணிவாக்கில் மிகக் குறைவாகவும், இரவு 8 மணிவாக்கில் உச்சத்திலும் இருந்தது. நல்ல சாப்பாடு சாப்பிட்டவருக்கே இரவில் இந்த இழுப்பு உண்டு. 13 கிராம் புரதத்தோடு அந்த நேரத்தை எட்டுகிறவர் எதை வைத்துத் தாக்குப்பிடிப்பார்? 10 மணிக்கு உங்கள் மனவலிமை தோற்றது என்று நினைக்கிறீர்கள். காலை 7 மணியிலிருந்தே சேர்ந்துகொண்டு வந்த பாக்கிதான் அது.

போனில் ஐந்து அலாரம் வையுங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் ஓர் அவித்த முட்டை, அரை டம்ளர் பால். காபி அதற்குப் பிறகுதான், முதலில் குடித்தால் இருக்கிற கொஞ்சப் பசியும் ஓடிவிடும். முட்டை ஆகாதென்றால் 50 கிராம் பனீர். 10.30க்கு அரைக் கிண்ணம் கொண்டைக்கடலை அல்லது பச்சைப்பயறு சுண்டல். ஸ்டாஃப் ரூமில் யார் என்ன நினைப்பார்களோ என்று பார்க்க வேண்டாம். 1 மணிக்கு 75 கிராம் பனீர், பிறகு காய், இடமிருந்தால் கடைசியில் இரண்டு ஸ்பூன் சாதம். இந்த வரிசை முக்கியம். சாதத்தை முதலில் வைத்தால் பனீருக்கு இடமிருக்காது. 4.30க்கு வே புரோட்டீன் என்ற பால் புரதப் பொடி ஒரு ஸ்கூப், 200 மில்லி தண்ணீரிலோ மோரிலோ. அதில் மட்டும் 24 கிராம் புரதம் வரை கிடைக்கும். 7.30க்குச் சின்னதாக ஒரு பருப்பு அடையோ பயத்தம்பருப்பு தோசையோ, கெட்டித் தயிரோடு. கூட்டிப் பாருங்கள், 60ஐத் தாண்டிவிடும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், முடித்து அரை மணி நேரம் கழித்து மடக்கு மடக்காக. நாள் முழுக்க ஒன்றரை லிட்டராவது போக வேண்டும். தாகத்தைப் பசியென்று நினைத்து டப்பாவைத் திறப்பதும் சாதாரணமாக நடக்கிறது.

முதல் வாரம் காலை முட்டை குமட்டும். ராத்திரி 1 மணி வரை தின்ற வயிற்றுக்குக் காலையில் சாப்பாடு பிடிக்காது. பாதி முட்டையில் தொடங்குங்கள், அலாரத்தை மட்டும் விடாதீர்கள்.

இரவை ஒரேயடியாக மூட நினைக்க வேண்டாம். 9 மணிக்கு 100 கிராம் கெட்டித் தயிரோ, 100 மில்லி வெதுவெதுப்பான பாலோ, கணக்கில் சேர்ந்த ஆறாவது வேளையாக, தட்டில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டுச் சாப்பிடுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். ஸ்லீவ் குழாயில் அழுத்தம் அதிகம், தின்றதும் படுத்தால் அமிலம் மேலே ஏறும். அந்த எரிச்சலே நடுராத்திரியில் பசி மாதிரி எழுப்பிவிடும், தின்றால் கொஞ்சம் அடங்கும், பிறகு இன்னும் கூடும். உங்கள் 3 மணி விழிப்பில் இதற்குப் பங்கு இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். விடைத்தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருத்தாதீர்கள். முடிந்தால் பள்ளியிலேயே முடித்துவிடுங்கள்.

3 மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, படபடப்போடு விழித்தால் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பாருங்கள். எடை குறைப்புக்கான இன்னொரு ஆபரேஷனான இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு இது அதிகம், ஸ்லீவிலும் வரும். ராத்திரி தின்ற இனிப்பு சட்டென்று இறங்கி, சர்க்கரை விர்ரென்று ஏறி, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, சில மணி நேரத்தில் சர்க்கரை கீழே விழுகிறது. 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் கொஞ்சம் பனீர். அந்த நேரத்தில் இனிப்பு டப்பாவைத் திறந்தால் இரண்டாவது முறையும் விழும். காலையில் எழுந்து பார்த்தால் தின்ற தடம் இருக்கிறது, தின்ற நினைவு இல்லை என்றால் அது வேறு கோளாறு. ஜோல்பிடெம் மாதிரித் தூக்க மாத்திரை போடுகிறவர்களுக்கு அப்படி நடக்கும். அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நாலு கிலோ ஏறியதற்கு அழ வேண்டாம். அடிமட்டத்தைத் தொட்ட பிறகு கொஞ்சம் ஏறுவது பெரும்பாலோருக்கு நடப்பதுதான். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். 10 மணிக்கு மேல்தான் உங்களை யாரும் கூப்பிடாத நேரம் வருகிறது. அந்த நேரத்தில் உங்களுக்கென்று கிடைப்பது முறுக்கு ஒன்றுதான். அதையும் நான் பிடுங்குகிறேன் என்று தோன்றும். அந்த நேரம் உங்களுடையதாகவே இருக்கட்டும், பிடுங்க வேண்டியதில்லை. மாலை 6 மணிக்கும் அப்படி ஓர் அரை மணி நேரம் உங்களுக்கு வேண்டும் என்று வீட்டில் கேட்டு வாங்குங்கள்.

பதினான்கு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: மணி, என்ன, எவ்வளவு, எத்தனை நிமிடம் எடுத்துச் சாப்பிட்டீர்கள். ராத்திரி தின்றதையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்த நோட்டோடு டயட்டீஷியனையும் மனநல மருத்துவரையும் பாருங்கள். பி12, இரும்பு, வைட்டமின் டி ரத்தப் பரிசோதனை செய்து எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு போடாதீர்கள், கால்சியத்துக்கும் அதற்கும் இரண்டு மணி இடைவெளி விடுங்கள்.

சமையலறைச் சாவியை இன்றைக்கே கணவரிடமிருந்து வாங்கிவிடுங்கள். காலை 7 மணிக்கு முட்டை அவிக்க அது உங்களுக்கு வேண்டும்.

அன்புடன்,
அக்கா