சீனியை அடியோடு நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடந்து செத்துவிடுமா? கரைந்த கட்டி ஏன் திரும்பி வருகிறது?

சாகாது. மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து அம்மாவுக்குச் சோற்றையும் சீனியையும் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து சோற்றை இன்றைக்கே திரும்பக் கொடுங்கள். எங்கள் வீட்டிலும் இதே தவறு நடந்தது.

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர் என் பெரியம்மா. மார்பில் கட்டி. பெட் ஸ்கேன் எடுப்பதற்கு முன் ஆறு மணி நேரம் பட்டினி இருக்கச் சொன்னார்கள். ஊசியில் ஏற்றுவதும் கதிரியக்கம் சேர்த்த ஒருவகைக் குளுக்கோஸ்தான், கட்டி அதை இழுத்துக்கொள்வதால் படத்தில் ஒளிரும் என்றும் விளக்கினார்கள். படம் தெளிவாக விழுவதற்காகச் சொன்ன பட்டினியை நாங்கள் வைத்தியமாக்கிவிட்டோம். ரொட்டி போனது, சோறு போனது. 47 கிலோ இருந்தவர் இரண்டே மாதத்தில் 40 ஆனார். ஒரு காலையில் பீலியில் முகம் கழுவும்போது கையிலிருந்த வளையல் தானாகக் கழன்று தண்ணீரில் விழுந்தது. அந்த வாரம் உடம்பு தாங்காது என்று வைத்தியர் மருந்தைத் தள்ளிவைத்தார்.

புற்றுநோய்க்குச் சீனிதான் தீனி என்பதில் பாதி உண்மை இருக்கிறது. 1920களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி இதைக் கண்டார். சாதாரணக் கலம் (செல்) ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஒட்சிசனோடு முழுக்க எரித்தால் கலம் செலவழிக்கும் சக்தி நாணயமான ஏடிபி ஏறத்தாழ 30 கிடைக்கும். புற்றுக்கலமோ ஒட்சிசன் தாராளமாக இருந்தும் பாதியிலேயே நொதிக்கவிட்டு, வெறும் 2 ஏடிபியோடு லக்டிக் அமிலத்தை வெளியே தள்ளுகிறது. கலத்துக்குள் ஒட்சிசனோடு எரிக்கும் இழைமணிகள் (மைட்டோகொண்ட்ரியா) பழுதானதால்தான் இப்படி என்று வார்பர்க் நினைத்தார். பெரும்பாலான புற்றுநோய்களில் அவை நன்றாகவே வேலை செய்கின்றன என்று பின்னால் தெரிந்தது. பெருகுகிற கலத்துக்கு எரிபொருள் மட்டும் போதாது, புதிய டிஎன்ஏயும் மென்சவ்வும் கட்டக் காபனும் வேண்டும். குளுக்கோசில் ஒரு பங்கை அது அந்த வேலைக்குத் திருப்பிவிடுகிறது. தள்ளிய அமிலத்தால் சுற்றுப்புறம் புளித்துப்போக, தாக்க வரும் நோயெதிர்ப்புக் கலங்கள் சோர்ந்துவிடுகின்றன.

நாம் உணவை நிறுத்தினாலும் இரத்தத்தில் குளுக்கோஸ் தீராது. தசையைக் கரைத்தாவது ஈரல் அதைச் செய்துகொள்ளும். கட்டி தள்ளிய லக்டிக் அமிலத்தையும் ஈரல் மறுபடி குளுக்கோசாக்கும். அதற்கான சக்தி நோயாளியின் உடம்பிலிருந்து போகிறது. குளுட்டமின் என்ற அமினோ அமிலம், கொழுப்பு என்று வேறு தீனியும் புற்றுக்கலத்துக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பட்டினி கிடந்தது பெரியம்மாதான்.

திரும்பி வருவதற்கு வருகிறேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு இலைகூட இல்லாமல் வெறும் வாதுகள் நிற்கும். சில வாரங்களில் துளிர்ப்பது வேரில் சேர்ந்த மாப்பொருளால்தான். வெட்டுவதற்கு முன் வேரில் அயடீன் பூசி, கருநீலமாகிறதா என்று பார்ப்பதும் அதற்காகவே. கீமோ மருந்துகள் பெரும்பாலும் வேகமாகப் பெருகும் கலங்களையே வெட்டுகின்றன. மிஞ்சும் சில, பெருகுவதை நிறுத்தி, அந்தப் பழுதாகாத இழைமணிகளில் கொழுப்பை எரித்துக் குறைந்த செலவில் காலம் தள்ளுகின்றன. இரத்தப் புற்றுநோய், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் போன்ற பலவற்றில் இதைக் கண்டிருக்கிறார்கள். எண்ணிக்கை அற்பம் என்பதால் ஸ்கேனில் அவை தெரிவதில்லை. மருந்து ஓய்ந்ததும் பழைய தீனிக்குத் திரும்பிப் பெருகுகின்றன.

தீனியை மறித்து வெல்லவே முடியாதா என்றால், முடியும். சிறுவர்களுக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றுக்கலங்களால் புரதம் கட்ட வேண்டிய அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைப் போதிய அளவு தாமே செய்ய முடியாது. இரத்தத்திலுள்ள அஸ்பராஜினைச் சிதைக்கும் எல்-அஸ்பராஜினேஸ் என்ற மருந்தை அவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அந்தத் துல்லியம் சமையலறையில் கிடைக்காது.

அம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் சீனியின் அளவை கிளினிக்கில் கேளுங்கள். இல்லாவிட்டால் சோறு, பருப்பு, முட்டை, நெத்தலி என்று எது தொண்டையில் இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். கிழமைக்கு ஒருமுறை நிறை பாருங்கள். பெரியம்மா 40இலிருந்து 43க்கு ஏற ஆறு கிழமை பிடித்தது. அதன் பிறகுதான் மருந்தை மறுபடி ஏற்றினார்கள். வளையலை இன்னும் நூல் சுற்றித்தான் போட்டிருக்கிறார்.